வருகைப்பதிவேடு

மார்ச் 6

'விரல்நுனி' அவர்களுக்கு,

நீங்கள் ஆணா பெண்ணா, இளையவரா மூத்தவரா என்று தெரியாது. அதனால் ஐயா என்றும் போடவில்லை, அம்மா என்றும் போடவில்லை. ஞாயிறு இணைப்பில் 'இலவசமாய் ஐந்து' என்ற தலைப்பில் வாராவாரம் ஐந்து ஆப்களைப் பற்றி எழுதுகிறவர் நீங்கள். எனக்கு அது போதும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு கட்டடங்களின் லிஃப்டுகள் என் பொறுப்பு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூலையில் என் மனைவி சிகிச்சைக்காக வேறு ஊருக்குப் போனாள். பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. பக்கத்திலேயே அவளுடைய அக்கா வீடும் இருந்தது. நான் கூடப் போக முடியவில்லை. வேலையை விட்டால் இன்ஷூரன்ஸ் போய்விடும், இன்ஷூரன்ஸ் போனால் சிகிச்சையும் போய்விடும். அந்த வாரம் நீங்கள் ஐந்து ஆப்களை எழுதியிருந்தீர்கள். மழை வருமா என்று சொல்வது ஒன்று, அகராதி ஒன்று, வானத்தைக் காட்டினால் நட்சத்திரத்தின் பெயர் சொல்வது ஒன்று, கலர் உருண்டைகளை உடைக்கும் விளையாட்டு ஒன்று. ஐந்தாவது 'கூடவாசி'.

நீங்கள் எழுதியதை அப்படியே தருகிறேன். கத்தரித்து வைத்திருக்கிறேன். "தூரத்தில் இருக்கும் இருவர் ஒரே புத்தகத்தைச் சேர்ந்து படிக்கலாம். முன்னால் போகிறவர் பக்கத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதி வைக்கலாம். பின்னால் வருகிறவர் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் குறிப்பு திறக்கும். போனில் இடமே பிடிக்காது. முற்றிலும் இலவசம். அன்புள்ளவர்கள் இருவருக்கு இதைவிட அருமையான துணை இல்லை."

என் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். வருகிறவர்களைப் பலகையில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லிச் சொல்லி, அவளுக்குப் படிக்காத ஆளைக் கண்டாலே ஆகாது. எனக்கோ லிஃப்ட் கையேட்டைத் தவிர வேறு எதையும் படித்துப் பழக்கமில்லை. ஆப் முதலில் ஒரு கேள்வி கேட்டது: ஆசிரியரா, மாணவரா? அவள் யோசிக்கவே இல்லை. "நான்தான் டீச்சர், நீங்க கடைசி பெஞ்சு" என்று சொல்லி அமுக்கிவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு அவள் டீச்சர்தான். முந்நூற்று நாற்பது பக்கத்தில் ஒரு குடும்பக் கதையை அவளே தேர்ந்தெடுத்தாள்.

போன வருஷம் ஜனவரி 28ஆம் தேதி அவள் இறந்துபோனாள். அப்போது நான் எண்பத்தேழாம் பக்கத்தில் இருந்தேன்.

நவம்பரிலேயே அவள் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்: "கடைசிப் பக்கத்துக்கு வாங்க. அங்க உங்களுக்கு ஒண்ணு எழுதி வைக்கிறேன்." விரலால் தள்ளிக்கொண்டே போனால் பத்து நிமிடத்தில் கடைசிப் பக்கம் வந்துவிடும். நான் தள்ளவில்லை. அதையும் படித்துவிட்டால் அவளிடமிருந்து எனக்கு வர வேண்டியது எதுவும் மிச்சமிருக்காது. அதனால் போன மார்ச்சிலிருந்து ஞாயிறு ஒரு பக்கம், புதன் ஒரு பக்கம் என்று படித்துவந்தேன். ஒரு வருஷத்தில் நூற்றுத் தொண்ணூற்றொன்றாம் பக்கத்துக்கு வந்தேன்.

பிப்ரவரி கடைசிப் புதன்கிழமை திறந்தால் வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வரி: "இந்தச் சேவை நிறைவுற்றது. எங்களோடு பயணித்ததற்கு நன்றி."

மீதி நூற்று நாற்பத்தொன்பது பக்கங்களில் அவள் எழுதிவைத்தது எங்கே போனது? அந்த ஆப்பை நடத்தியவர்களின் முகவரி உங்களிடம் இருக்கும். அனுப்புங்கள். இந்தக் கடிதத்தைக் கையால் எழுதுவதற்குக் காரணம், இனிமேல் எனக்கு வேண்டிய ஒரு வார்த்தையைக்கூடப் போனை நம்பி விடுவதாக இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

*

மார்ச் 15

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கு நேர்ந்த இழப்புக்கு வருந்துகிறோம். 'இலவசமாய் ஐந்து' பகுதியில் இடம்பெறும் செயலிகள் வாசகர்களின் தகவலுக்காக மட்டுமே அறிமுகப்படுத்தப்படுகின்றன. அவற்றின் செயல்பாட்டுக்கோ, நிறுத்தத்துக்கோ பத்திரிகை பொறுப்பேற்க இயலாது. தொடர்ந்து எங்கள் பத்திரிகையை வாசித்து ஆதரவு தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள்,
'விரல்நுனி'
(ஆசிரியர் குழுவுக்காக)

*

மார்ச் 19

விரல்நுனிக்கு,

உங்கள் ஆதரவுக் கடிதம் வந்தது. மொத்தம் ஐந்து வாக்கியம். ஐந்து என்பது உங்களுக்கு ராசி போலிருக்கிறது.

நான் பொறுப்பேற்கச் சொல்லவில்லை. முகவரி கேட்டேன். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு ஒருவர் மணி அடிக்கிறார் என்று வையுங்கள். நான் வெளியே நின்றுகொண்டு, "இந்த லிஃப்ட் பயணிகளின் வசதிக்காக மட்டுமே" என்று பலகையைப் படித்துக் காட்டினால் எப்படி இருக்கும்? அதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள்.

நீங்கள் அந்த ஆப்பில் எந்தப் புத்தகத்தைப் படித்தீர்கள்? யாரோடு படித்தீர்கள்? அதை மட்டுமாவது சொல்லுங்கள். "அன்புள்ளவர்கள் இருவருக்கு இதைவிட அருமையான துணை இல்லை" என்று வாய் கூசாமல் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்களும் யாரோடாவது படித்திருப்பீர்கள் அல்லவா? உங்கள் குறிப்புகளும் போயிருக்குமே. உங்களுக்கு வயிறு எரியவில்லையா?

எனக்கு எரிகிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் "இந்த மாமனார் உங்கள் சூப்பர்வைசர் மாதிரியே பேசுகிறார்" என்று எழுதியிருந்தாள். நாற்பதாம் பக்கத்தில் "இங்கே எனக்குத் தூக்கம் வந்தது, உங்களுக்கு?" என்று. அவ்வளவுதான். பெரிய இலக்கியம் ஒன்றும் இல்லை. மொட்டைமாடி மோட்டார் அறையில் ஒரு காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அதைப் படிப்பேன். கீழே ஒரு கட்டடமே லிஃப்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். காத்திருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

பதில் போட வேண்டாம். முகவரி இருந்தால் மட்டும் போடுங்கள்.

லிஃப்ட் மெக்கானிக்

*

மார்ச் 27

மதிப்புக்குரியவருக்கு,

நான் பெண். வயது நாற்பத்தொன்று. நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் என் மேஜை. நீங்கள் பதில் போட வேண்டாம் என்றீர்கள், போடுகிறேன். அலுவலகத் தாளில் இல்லை, கவனித்திருப்பீர்கள்.

முதலில் உங்கள்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரில் எத்தனையோ ஆப் மூடுகிறார்கள், நான் என்ன செய்ய முடியும் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: நான் 'கூடவாசி'யில் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை, யாரோடும் படிக்கவில்லை. அதை என் போனில் இறக்கியதுகூட இல்லை. ஆறு வருஷமாக எழுதுகிறேன். வாரம் ஐந்து என்றால் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆப்கள். அதில் நான் திறந்து பார்த்தவை நாற்பது இருக்கும். மற்றதெல்லாம் அவர்களே எழுதிவைத்திருக்கும் விளம்பரத்தைப் படித்து, மேலே கொஞ்சம் என் சர்க்கரையைத் தூவி அனுப்பியவை. வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் கொடுத்தாக வேண்டும். நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுவேன். "இதைவிட அருமையான துணை இல்லை" என்ற வரியை அந்த ஜூலைக்கு முன்பும் பின்பும் குறைந்தது எட்டு ஆப்களுக்கு எழுதியிருக்கிறேன். பழைய கோப்புகளைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன்.

இதைச் சொன்னதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் பொய்யை வைத்துக்கொண்டு உங்களுக்கு உதவி செய்ய எனக்குக் கூசுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 'கூடவாசி' நிறுவனம் கலைந்துவிட்டது. நடத்தியவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். வாசகர்களின் புகார்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறேன். மூடுவதற்கு முப்பது நாள் முன்பே எல்லோருக்கும் மின்னஞ்சல் போனதாம். நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். போனில் இடம் பிடிக்காது என்று நான் பெருமையாக எழுதினேன் அல்லவா, அதற்கு அர்த்தம் இதுதான்: எல்லாம் அவர்களிடம் இருக்கும், உங்களிடம் ஒன்றும் இருக்காது. அது எனக்கே இப்போதுதான் உறைத்தது.

அந்தப் பெண் தேடிப் பார்ப்பதாகச் சொல்கிறாள். நீங்கள் இருவரும் பதிவு செய்த போன் எண்கள் வேண்டும். மனைவியின் குறிப்புகளை உங்களுக்குத் தரலாம் என்று நீங்கள் கையெழுத்திட்ட கடிதமும், அவர் இறந்ததற்கான சான்றிதழின் நகலும் வேண்டும். என் பெயரைப் போட்டு அனுப்புங்கள். பெயர் தெரியாதே என்கிறீர்களா? விரல்நுனி என்றே போடுங்கள், இங்கே எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

விரல்நுனி

*

ஏப்ரல் 4

தங்கச்சிக்கு,

உங்களைவிட ஒன்பது வயது மூத்தவன். அப்படிக் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன்.

கேட்டவற்றை இணைத்திருக்கிறேன். சான்றிதழை நகல் எடுக்கப்போன கடையில், எத்தனை காப்பி என்று கேட்டான். ஒன்று போதும் என்றேன். இரண்டாக எடுத்துக்கொண்டால் விலை குறைவு என்றான். உங்கள் ஆப்களை விற்கிறவர்களின் சொந்தக்காரனாக இருப்பான்.

நீங்கள் உண்மையைச் சொன்னதற்கு நன்றி. எனக்கு உங்கள்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது, மீதிப் பாதி யார்மேல் என்று தெரியாமல் கிடக்கிறது. கேட்டதற்கு மேல் கொஞ்சம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே பேச்சுக்கு ஆள் இல்லை. பிள்ளைகள் இல்லை எங்களுக்கு.

எண்பத்தேழுக்குப் பிறகு நான் படித்த நூற்று நான்கு பக்கங்களில் முப்பத்தொரு குறிப்புகள் இருந்தன. முதலில் இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒன்று இருந்தது. நூற்றைம்பதைத் தாண்டியதும் குறைந்துவிட்டது. சில வாரம் ஞாயிறும் வெறும் பக்கம், புதனும் வெறும் பக்கம். கடைசிக்காகச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று நானே சொல்லிக்கொள்வேன். அவள் எதிலும் அப்படித்தான். தட்டில் பிடித்ததை ஓரமாக ஒதுக்கிவைத்துக் கடைசியில்தான் சாப்பிடுவாள். பக்கத்தில் நான் இருந்தால் எடுத்துவிடுவேன் என்று கையால் மூடிக்கொள்வாள்.

என் பக்கத்துக் கட்டடக் காவலாளிக்கு இந்தக் கதை தெரியும். "ஒரே மூச்சுல படிச்சுப் போட வேண்டியதுதானே, இப்படி இழுத்து இழுத்து இப்போ பறிகொடுத்துட்டு நிக்கிறீங்களே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வருஷமும் ஞாயிறு வரும், புதன் வரும் என்று எனக்கு இரண்டு கிழமைகளாவது இருந்தன. இப்போது ஏழு நாளும் ஒன்றுதான்.

கடைசிப் பக்கத்தில் அவள் என்ன எழுதினாள் என்பது மட்டும் தெரிந்தால் போதும். மற்றவை போனால் போகட்டும். திட்டி எழுதியிருந்தாலும் சரி. திட்டுவதற்குக் காரணம் உண்டு.

லிஃப்ட் மெக்கானிக்

*

மே 11

அண்ணனுக்கு,

ஐந்து வாரம் எழுதாமல் இருந்தேன். முதல் நான்கு வாரமும் தேடலில் போனது. பதினோரு மின்னஞ்சல், ஆறு போன், இரண்டு தடவை கெஞ்சல். ஐந்தாவது வாரம் தேடலில் போகவில்லை. கையில் வந்ததை வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதுவதா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் கேட்டது கிடைக்கவில்லை. குறிப்புகளின் எழுத்துகள் மூடிய அன்றே அழிக்கப்பட்டுவிட்டன. அதில் சந்தேகமே இல்லை, மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். ஆனால் வேறொன்று கிடைத்திருக்கிறது. அதில் உங்கள் மனைவியின் ஒரு வார்த்தைகூட இல்லை, வெறும் தேதியும் பக்க எண்ணும்தான். அதைப் பார்த்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்குமா, இன்னும் கஷ்டமாக இருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தைப் பற்றிய பதிலும் அதில் இருக்கிறது. நீங்கள் நினைத்திருக்கும் பதில் இல்லை.

பத்திரமாக வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் மறந்துவிடுவேன். நீங்களே சொல்லுங்கள்.

ஒரு மாதமாக ஒவ்வொரு ஆப்பையும் திறந்து பார்த்துத்தான் எழுதுகிறேன். வாரத்துக்கு ஒன்றுதான் முடிகிறது. ஆசிரியர் தலைப்பை மாற்றச் சொல்கிறார்.

விரல்நுனி

*

மே 16

தங்கச்சிக்கு,

அனுப்புங்கள். கிழிக்க வேண்டாம்.

லிஃப்ட் மெக்கானிக்

*

மே 24

அண்ணனுக்கு,

அனுப்பியிருக்கிறேன். தாளைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடுங்கள்.

'கூடவாசி'யை முதலில் பள்ளிக்கூடங்களுக்காகத்தான் செய்திருக்கிறார்கள். ஆசிரியர் முன்னால் போய்ப் பாடத்தில் குறிப்பு எழுதுவார், பிள்ளைகள் பின்னால் வருவார்கள். அதனால்தான் ஆசிரியரா மாணவரா என்ற கேள்வி. யார் எந்தத் தேதியில் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், எந்தப் பக்கத்தில் குறிப்பு எழுதினார்கள் என்று ஒரு வருகைப்பதிவேடு தானாகவே பதிவாகும். பள்ளிகள் பின்னால் கேட்கலாம் என்பதால் அதை மட்டும் ஐந்து வருஷம் அழிக்கக் கூடாதாம். அதில் உங்கள் இருவரின் பகுதியைத்தான் அந்தப் பெண் எடுத்துக் கொடுத்தாள்.

இன்னொன்றும் உண்டு. ஆசிரியரின் திரையில் மாணவர் அன்றைக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்று ஒரு மூலையில் தெரிந்துகொண்டே இருக்கும். மாணவருக்கு அப்படித் தெரியாது. நான் அந்த ஆப்பை ஒரே ஒரு நாள் திறந்து பார்த்திருந்தாலும் இதைக் கண்டுபிடித்து எழுதியிருப்பேன். எழுதவில்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிவது உங்களுக்குத் தெரிந்திருக்காது. என் தப்பு அது.

பதிவேட்டில் உள்ளதைச் சொல்கிறேன். உங்கள் மனைவி டிசம்பர் 19ஆம் தேதி இருநூற்றாறாம் பக்கம் வரை போயிருக்கிறார். நீங்கள் நிறுத்திய இடத்துக்குப் பிறகு நான்கே நான்கு குறிப்புகள்: 194, 199, 200, 206. அதற்கு மேல் அவர் ஒரு பக்கத்தையும் திறக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்கு அவர் போகவே இல்லை, அண்ணா. அங்கே உங்களுக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை.

அப்புறம் மூன்று வாரம் எதுவும் இல்லை. ஜனவரி 10 மறுபடி வருகிறார். இருநூற்றாறுக்கு அல்ல. அன்று நீங்கள் எழுபத்தொன்பதில் இருக்கிறீர்கள், அவரும் எழுபத்தொன்பதைத் திறந்திருக்கிறார். அதே நாளில் எண்பத்தேழுக்குப் போய் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அவர் எழுதிய கடைசிக் குறிப்பு அதுதான். மறுநாள் நீங்கள் எண்பத்தொன்றில், அவரும் எண்பத்தொன்றில். நீங்கள் எண்பத்திரண்டு, அவரும் எண்பத்திரண்டு. ஒவ்வொரு நாளும் நீங்கள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். ஜனவரி 16 நீங்கள் எண்பத்தேழுக்கு வந்துவிட்டீர்கள்.

17இலிருந்து உங்கள் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. அவர் பெயருக்கு எதிரே தினமும் இருக்கிறது. 17, எண்பத்தேழு. 18, எண்பத்தேழு. இப்படியே பதினோரு நாள். சில நாள் மூன்று தடவை. கடைசியாக 27ஆம் தேதி சாயங்காலம் நாலு நாற்பதுக்கு, எண்பத்தேழு.

எண்பத்தேழாம் பக்கத்துக் குறிப்பை நீங்கள் படித்திருப்பீர்கள். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பதினோரு நாள் உங்களுக்கு வேலை அதிகமாக இருந்திருக்கும். ஒருவரை இவ்வளவு விடாமல் இன்னொருவர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டதை நான் இதற்கு முன் எங்கும் கண்டதில்லை. அதனால்தான் கிழிக்க மனம் வரவில்லை.

விரல்நுனி

*

ஜூன் 20

தங்கச்சிக்கு,

உங்கள் தாள் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. மூன்று தடவை இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கவில்லை.

முதலில் உங்களிடம் மன்னிப்பு கேட்க வேண்டும். மார்ச்சில் உங்கள்மேல் பழி போட்டு எழுதினேன். அவள் எனக்கு வைத்துவிட்டுப் போனது உங்களால் தொலைந்துபோனது என்கிற மாதிரி எழுதினேன். அவள் கடைசியாக எழுதியது தொலையவில்லை. எனக்கு வந்து சேர்ந்தது. படித்தேன். ஜனவரி 16ஆம் தேதி காலை பதினொன்றரை மணிக்கு, மோட்டார் அறையில், வாளியின் மேல் உட்கார்ந்து படித்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவள் அக்காவிடம்கூட. முதல் கடிதத்தில் உங்களிடமும் எண்பத்தேழில் இருந்தேன் என்று மட்டும் எழுதி மூடிவிட்டேன்.

குறிப்பு இதுதான். எழுத்து அழிந்துபோனாலும் எனக்கு மனப்பாடம்: "இனிமேல் ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பலன் இல்லையாம். அக்காவிடமும் உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீங்கள் அழுதால் நானும் அழுவேன். இதைப் படித்ததும் வாங்க."

என் நடைக்கு ஒரு வாரத்தில் வந்து சேருவேன் என்று கணக்குப் போட்டு, எட்டு பக்கம் தள்ளி வைத்திருக்கிறாள். நான் ஒவ்வொரு பக்கமாக வருவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இது உங்கள் தாளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

நான் போனை அணைத்துப் பையில் போட்டேன். கீழே இறங்கி, அன்றைக்குச் செய்ய வேண்டாத வேலையைச் செய்தேன். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கி எண்ணெயைத் துடைத்தேன். போனால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. படிக்காத மாதிரி இருந்துவிட்டால் இன்னும் சொல்லாத மாதிரிதானே என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பது வயது ஆள் நினைக்கிற நினைப்பா அது? சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணும்னா ஒரு வாரம் லீவு எடுத்துக்கப்பா" என்று தானாகவே சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். இன்னும் இரண்டு கட்டடங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓய்ந்த நேரத்தில் நீங்கள் எழுதிய அந்தக் கலர் உருண்டைகளை உடைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு நாளில் நூற்றெழுபது கட்டம் தாண்டினேன். வேலை அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை அதிகம் இல்லை, தங்கச்சி.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனில் பேசுவோம். தினமும் அவள் கேட்பாள், எத்தனாவது பக்கம் என்று. நான் எண்பத்தைந்து என்பேன். மறுநாளும் எண்பத்தைந்து. எண்பத்தேழைத் தொடவில்லை என்று அவள் நம்பட்டும் என்று இரண்டு பக்கம் குறைத்துச் சொல்வேன். கண் வலி என்பேன், மழை என்பேன், சார்ஜ் இல்லை என்பேன். அவள் ஒரு நாள்கூட மடக்கிக் கேட்கவில்லை. நான் அவளை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு போனை வைப்பேன். அவள் கையில் இருந்த திரையில் எண்பத்தேழு என்று இருந்திருக்கிறது.

நீங்கள் அந்த விஷயத்தை அப்போதே எழுதியிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கலாம். ஆனால் பொய் சொல்லாமல் இருந்திருப்பேனே தவிர, போயிருப்பேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அதனால் உங்கள் தப்பை நீங்கள் பெரிதாக வைத்துக்கொள்ள வேண்டாம். வாரத்துக்கு ஒன்றே எழுதுங்கள், அது போதும்.

அந்த நாவல் அச்சிலும் கிடைக்கிறதாம், காவலாளி வாங்கி வந்து கொடுத்தார். நான் பிரிக்கவில்லை. 194இலும் 206இலும் அவள் என்ன எழுதியிருப்பாள் என்று இனி எனக்குத் தெரிய வேண்டாம். கடைசிப் பக்கத்துக்கு அவள் ஏன் போகவில்லை என்பது தெரிந்துவிட்டது. போவதற்கு அவளுக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தை வேறு இடத்தில் செலவு பண்ணியிருக்கிறாள்.

27ஆம் தேதி சாயங்காலமும் பேசினோம். அவள் குரல் தாழ்ந்திருந்தது, அக்காதான் போனைக் காதில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனாவது பக்கம்?" என்று கேட்டாள்.

"எண்பத்தஞ்சு" என்றேன்.

"பரவாயில்ல. மெதுவா வாங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

மறுநாள் காலை அக்காவின் போன் வந்தது. பஸ்ஸில் ஒன்பது மணி நேரம்தான், தங்கச்சி. அந்தப் பதினோரு நாளில் எந்த நாள் ஏறியிருந்தாலும் அவளைப் பார்த்திருப்பேன். அவள் வாங்க என்று எழுதினாள். நான் படித்தேன். நான் போகவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்